ராஜாஜியின் கட்சி டெல்டாவில் எங்கே போனது?

சுதந்திராக் கட்சி பிறந்த நாளும் இடமும் எல்லாப் புத்தகங்களிலும் ஒன்றுதான்: 1959 ஜூன் 4, சென்னை, விவேகானந்தா கல்லூரி. நேருவின் காங்கிரஸை எதிர்த்து எண்பது வயதில் ராஜாஜி தொடங்கிய கட்சி. எட்டே ஆண்டுகளில், 1967இல், மக்களவையில் 44 இடங்களைப் பிடித்து எதிர்க்கட்சிகளில் பெரியதாக நின்றது. நான் தேடியது சென்னையின் கதையை அல்ல. நில உச்சவரம்பையும் கூட்டுறவுப் பண்ணையையும் எதிர்த்துப் பிறந்த கட்சி அது. தமிழ்நாட்டில் அதற்கு வாய்த்த மண் எதுவென்று கேட்டால், வரைபடத்தைப் பார்க்காமலே மிராசுதார்களின் தஞ்சையைக் காட்டிவிடலாம். ராஜாஜியின் பெயரை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் வேதாரண்யமும் அதே டெல்டாவின் கடைக்கோடியில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்த ஊர்களில் பெரியவர்களிடம் பழைய தேர்தல்களைப் பற்றிக் கேட்டால் காளைமாட்டுச் சின்னம் வருகிறது, உதயசூரியன் வருகிறது, கதிர் அரிவாள் வருகிறது. சுதந்திராவின் நட்சத்திரம் வருவதேயில்லை. அது ஏன் என்பதுதான் என் தேடல்.

வேதாரண்யத்திலிருந்தே தொடங்கினேன். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண் நிற்கிறது. அதைத் தாண்டினால் உப்பளம்தான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் இறுகிக் கிடக்க, பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். மழைக்கு முன் அந்தக் குவியல்களுக்குக் கீற்று போட்டு மூடுவார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ராஜாஜியைத் தெரியுமா என்றேன். "தெரியாம என்னங்க, இங்கதானே உப்பெடுத்தாரு" என்றார். அவர் பிறகு ஒரு கட்சி ஆரம்பித்தாரே என்றதும் யோசித்துப் பார்த்துவிட்டு, "அது மெட்ராஸ்ல நடந்ததுங்களே" என்று சொல்லிப் பலகையை எடுத்துக்கொண்டார்.

முதலில் பெயர்களை வைத்துத் தேடுவதென்று முடிவு செய்தேன். 1930இல் உடன் நடந்தவர்கள் 1959இல் உடன் வந்தார்களா? 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் வீட்டிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு ராஜாஜி கிளம்பினார். சுமார் 150 மைல் நடந்து ஏப்ரல் 28இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பெடுத்ததும் கைது. அப்போது தஞ்சை கலெக்டராக இருந்த ஜே.ஏ. தோர்ன், தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று ஊர் ஊராக எச்சரித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்துநர், பாதி முகம் மழித்த நிலையில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தோர்ன் அரசுக்கு எழுதிய அறிக்கையே இதற்கெல்லாம் நல்ல சாட்சி. இந்த மாவட்டத்தில் அரசின்மீது பக்தி என்று ஏதாவது இருந்திருந்தால் அது ஒழிந்துபோய்விட்டது என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். அடக்க வந்த அதிகாரியே எழுதிய வாக்குமூலம் என்பதால் இதன்மீது எனக்கு நம்பிக்கை அதிகம்.

இப்போது அந்தப் பெயர்களை 1959க்குக் கொண்டுவருவோம். ராஜன் 1953இலேயே இறந்துவிட்டார். நடைப்பயணத்தின் முக்கியத் துணைவரான க. சந்தானம் காங்கிரஸில்தான் இருந்தார். ஊழல் ஒழிப்புக்காக 1962இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரானவர் அவர்தான். வேதாரண்யத்தில் போராட்டத்தைத் தாங்கிப் பிடித்து, அதற்காகச் சொத்துப் பறிமுதலும் சிறையும் கண்டவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அவரும் காங்கிரஸை விடவில்லை. ராஜாஜியின் அரசியல் வாரிசு என்று பலர் கருதிய சி. சுப்பிரமணியம் காமராசர் அமைச்சரவையில் இருந்தார். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ராஜாமடத்துக்காரரான ஆர். வெங்கட்ராமனும் அதே அமைச்சரவையில். இவ்வளவு ஏன், ராஜாஜியின் சொந்த மகன் சி.ஆர். நரசிம்மன் கிருஷ்ணகிரியிலிருந்து காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போனவர். தந்தை தனிக் கட்சி தொடங்கிய பிறகும், 1962 வரை காங்கிரஸ் உறுப்பினராகவே மக்களவையில் இருந்தார். உப்பின் வழியாக வந்த உறவுகளில் எதுவும் கட்சிவரை வரவில்லை என்று இந்தப் பட்டியல் சொல்லிவிட்டது.

எளிதாக எழுதிவிடக்கூடிய ஒரு கதை உண்டு. உப்பு காய்ச்ச வெள்ளைக்காரனின் அனுமதி எதற்கு என்று கேட்டவர், தொழில் செய்ய டெல்லியின் அனுமதி எதற்கு என்று பிற்பாடு கேட்டார். பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம் என்று அவர் சாடியதன் வேர் வேதாரண்யத்து உப்பளத்தில் இருக்கிறது என்று முடித்துவிடலாம். மேடையில் சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும். சான்றோடு உரசிப் பார்த்தால் நிற்கவில்லை. உப்பு வரி 1947இலேயே நீக்கப்பட்டுவிட்டது. மறு ஆண்டு, 10 ஏக்கர் வரை உப்பு விளைவிப்பவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று இந்திய அரசு விலக்களித்தது. அகஸ்தியம்பள்ளிச் சிறு உப்பளக்காரர் 1930இல் எதைக் கேட்டாரோ அதை நேரு அரசு கொடுத்துவிட்டிருந்தது. லைசென்ஸை எதிர்க்கும் கட்சிக்கு அவர் ஏன் ஓடிவர வேண்டும்?

அடுத்து நாளிதழ்கள். சென்னையில் பழைய இதழ்களைத் தேடுகிறவர்களுக்கு ரோஜா முத்தையா நூலகமும் கன்னிமாராவும் எழும்பூர் ஆவணக் காப்பகமும்தான் கதி. 1959 ஜூன் மாதத் தாள்கள் கைபட்டால் உதிர்கிற பதத்தில் இருக்கும். விளிம்பைப் பிடித்துத் தூக்காமல், உள்ளங்கையை அடியில் கொடுத்துத்தான் திருப்ப வேண்டும். அன்றைய செய்திகளில் கட்சியின் வரலாறு சீராகவே வருகிறது. 1957 பொதுத்தேர்தலுக்கு முன்னால் தமிழ்நாட்டுக் காங்கிரஸில் ராஜாஜி ஆதரவாளர்கள் பிரிந்து காங்கிரஸ் சீர்திருத்தக் குழுவாகப் போட்டியிட்டார்கள். அதன் வி.கே. ராமசாமி முதலியார் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவரானார். பிறகு அந்தக் குழு இந்திய தேசிய ஜனநாயக காங்கிரஸ் என்று பெயர் மாறி, கடைசியில் சுதந்திராவில் கரைந்தது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றியதுதான் தீ மூட்டியது. குண்டூர்ப் பக்கத்து விவசாயிகளின் தலைவரான என்.ஜி. ரங்கா காங்கிரஸிலிருந்து வெளியேறிப் புதுக் கட்சிக்குத் தலைவரானார். பம்பாயின் மினு மசானி பொதுச்செயலாளர். ஆகஸ்டில் பம்பாயில் ஆயத்த மாநாடு, 1960 மார்ச்சில் பாட்னாவில் முதல் தேசிய மாநாடு. இவ்வளவும் கிடைத்தது. ஆந்திரத்து விவசாயி இருக்கிறார், பம்பாய்த் தொழிலதிபர் இருக்கிறார், பின்னாளில் ராஜஸ்தானத்து மகாராணி காயத்ரி தேவியும் வருகிறார். தஞ்சை மிராசுதாரைத்தான் காணவில்லை.

தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் இதை உறுதிப்படுத்தின. 1962இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் சுதந்திராவுக்கு 6 இடங்கள். 1967இல் தி.மு.க. கூட்டணியில் 20. அந்த ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போன ஆறு சுதந்திராக்காரர்களின் தொகுதிகளைப் பாருங்கள்: திருநெல்வேலி, திருச்செந்தூர், சிவகாசி, பெரியகுளம், கரூர், நீலகிரி. எல்லாம் தெற்கும் மேற்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மாயூரம், நாகப்பட்டினம் எதுவும் இதில் இல்லை. அந்தக் கூட்டணி மாநிலம் முழுக்க வீசிய அலையில்கூட டெல்டாவில் நட்சத்திரத்துக்கு மக்களவைத் தொகுதி வாய்க்கவில்லை.

இது எவ்வளவு விசித்திரம் என்பது துருக்கியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புலப்பட்டது. அங்கும் விடுதலைப் போரை நடத்திய கட்சியே, அத்தாதுர்க் நிறுவிய குடியரசு மக்கள் கட்சியே, இருபதாண்டுகளுக்கு மேல் ஆண்டது. 1945 ஜூனில் நிலச் சீர்திருத்த மசோதா வந்தது. குத்தகைக்காரர்கள் உழும் நிலத்தில் 50 தோனுமுக்கு (துருக்கிய நில அளவு) மேற்பட்டதை எடுத்துக்கொள்ள வழிசெய்த 17ஆம் பிரிவுதான் சண்டைக்குக் காரணம். அந்த விவாதம் கொதித்துக்கொண்டிருந்தபோதே ஆளுங்கட்சிக்குள் நால்வர், ஜனநாயகச் சீர்திருத்தம் கேட்டு ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்கள். ஜெலால் பயார், அத்னான் மெந்தெரெஸ், ஃபுவாத் கோப்ருலு, ரெஃபிக் கோரல்தான். 1946 ஜனவரி 7இல் அவர்கள் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். பயார், அத்தாதுர்க்கின் கடைசிப் பிரதமர். நம் ராஜாஜி இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல். இருவருமே தாங்கள் கட்டிய வீட்டிலிருந்து வெளியே வந்தவர்கள். மெந்தெரெஸ், அய்தின் என்ற ஆற்றுச் சமவெளியின் பெரு நிலக்கிழார். மசோதாவை நாடாளுமன்றத்தில் கடுமையாகத் தாக்கிப் பேசியவர். 1950 மே தேர்தலில் அவர் கட்சி ஆட்சியைப் பிடித்தது. ஆற்றுச் சமவெளி, பெரு நிலவுடைமை, நிலச் சட்டம், ஆளுங்கட்சியிலிருந்து பிரிந்த மூத்தவர்கள் என்று எல்லாம் பொருந்துகின்றன. அங்கே நிலக்கிழாரே கட்சியின் முகமானார். காவிரிச் சமவெளியில் அப்படி நடக்கவில்லை.

விடை 1959இல் இருக்காது என்று பட்டதால் கட்சிக் கோப்புகளை ஒதுக்கிவிட்டு, ராஜாஜி முதல்வராக இருந்த 1952க்குத் திரும்பினேன். அந்த ஆண்டின் சட்டமன்ற விவாதத் தொகுதிகளையும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டையும் மாதவாரியாக அடுக்கிக்கொண்டு படித்தேன். தேடலில் எனக்கு உண்மையான வெளிச்சம் கிடைத்தது இங்கேதான்.

அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கீழ்த்தஞ்சையில் கம்யூனிஸ்டுகள் வலுவாக எழுந்திருந்தார்கள். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரிகளில் கட்டிய விவசாயிகள் சங்கம், சாணிப்பாலும் சவுக்கடியும் இனி இல்லை என்று பண்ணையாட்களை நிமிரவைத்திருந்தது. ஏப்ரலில் முதல்வரான ராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று வெளிப்படையாக அறிவித்தார். ஜூனில் அவர் செய்த முதல் பெரிய காரியம், உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்தது. போர்க்காலம் தொட்டு நெல் விளைவிப்பவருக்குத் தன் களத்து நெல்லின்மேல் முழு உரிமை இல்லாமலிருந்தது. லெவி கொடுக்க வேண்டும், எல்லை தாண்டி மூட்டை போக பெர்மிட் வேண்டும். அதெல்லாம் போயிற்று. சுதந்திராவின் பொருளாதாரக் கொள்கை முழுவதற்கும் முன்னோட்டம் என்று சொல்லத்தக்க இந்தச் செயல், கட்சிக்கு ஏழாண்டு முன்பே நடந்துவிட்டது. மிராசுதார்கள் அன்று எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் இரண்டு மாதம். ஆகஸ்டில் அதே ராஜாஜி, தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அது பிறகு முறையான சட்டமாயிற்று. இதை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக, ஆறு ஏக்கர் அறுபத்தேழு சென்ட்டுக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். வாரக்காரரையும் பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. குத்தகைதாரருக்கு மொத்த விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளுக்குக் கூலி உயர்வு. தகராறு வந்தால் விசாரிக்கச் சமரச அதிகாரிகள். அதுவரை மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் நடுவே அரசாங்கம் என்ற மூன்றாவது ஆள் வந்ததேயில்லை. போலீஸ் வந்திருக்கிறது, மிராசுதார் கூப்பிட்டபோது. அவர் கூப்பிடாமலே ஓர் அதிகாரி களத்துமேட்டுக்கு வந்து அளவு கேட்பது இதுதான் முதல் முறை.

சட்டத்தின் நோக்கம் கம்யூனிஸ்டுகளின் அடித்தளத்தைக் கரைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கரைந்தது பண்ணையாள் முறைதான். நிரந்தரப் பண்ணையாளாக வைத்திருந்தால்தானே சட்டம் என்று, பல நிலவுடைமையாளர்கள் பழைய ஆட்களை விட்டுவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். அதே 1951-52இல் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த காத்லீன் கஃப், பத்தாண்டு கழித்து வந்த ஆந்த்ரே பெத்தேய் ஆகியோரின் நூல்கள் இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. ஆண்டைக்கும் ஆளுக்கும் இடையே பரம்பரையாக இருந்த கட்டு அறுந்து, குறுவைக்கும் சம்பாவுக்கும் கூலி பேசும் உறவு வந்தது. கூலி பேச்சு என்றால் ஒவ்வொரு அறுவடையும் பேரம், பேரம் முறிந்தால் வேலைநிறுத்தம்.

ஆக, 1959இல் ராஜாஜி வந்து, நிலத்தில் அரசு தலையிடக்கூடாது என்றபோது தஞ்சை மிராசுதாருக்கு எந்த ராஜாஜி ஞாபகம் வந்திருப்பார்? ஜூன் மாதத்தவரா, ஆகஸ்ட் மாதத்தவரா? என் கணிப்பில் ஆகஸ்ட் மாதத்தவர்தான். அவர் கொள்கையில் முரண்பாடு இல்லை என்று வாதிடலாம். சட்டம் கொண்டுவந்தது ஒழுங்கைக் காக்க, கட்சி தொடங்கியது உடைமையைக் காக்க என்று அவர் அன்பர்கள் சொல்லக்கூடும். ஆனால் களத்துமேட்டில் அதிகாரியைப் பார்த்தவருக்கு இந்த நுட்பம் எட்டியிருக்காது.

இது மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். டெல்டாவின் பெரிய குடும்பங்களுக்குக் காங்கிரஸ் சொந்த வீடு. பூண்டி வாண்டையார்களும் கபிஸ்தலம் மூப்பனார்களும் அங்கேதான் இருந்தார்கள். காமராசர் அரசு 1961இல் நில உச்சவரம்புச் சட்டத்தை நிறைவேற்றியது. குடும்பத்துக்கு 30 தர ஏக்கர். கேட்க அச்சமூட்டும் சட்டம்தான். ஆனால் அறக்கட்டளைக்கும் கரும்புக்கும் தோப்புக்கும் விலக்குகள் இருந்தன, மசோதாவுக்கும் சட்டத்துக்கும் இடையில் பாகம் பிரிக்க அவகாசமும் இருந்தது. உள்ளே இருந்துகொண்டே ஓட்டையைப் பெரிதாக்க முடிகிறவர் வெளியே போய்க் கொடி பிடிப்பதில் என்ன பயன்? அதோடு, சங்கம் கட்டிய கூலியாட்களை எதிர்கொள்ள அவர்களுக்குத் தேவைப்பட்டது தாலுகா அலுவலகமும் காவல் நிலையமும். அவை ஆளுங்கட்சியிடம்தான் இருக்கும். அய்தினின் மெந்தெரெஸுக்கு எதிரில் இப்படித் திரண்ட கூலியாட்கள் இல்லை. அங்கே விவசாயிகளில் பெரும்பாலோர் அவர் பின்னாலேயே வந்தார்கள். கீழ்த்தஞ்சையில் உழைக்கிறவர் வாக்கு ஏற்கெனவே செங்கொடிக்குப் போயிருந்தது. மிராசுதாரின் கட்சி என்று பெயர் வாங்கிய எதற்கும் இங்கே எண்ணிக்கை சேராது.

வேதாரண்யத்துக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. மணலும் உப்பும் தோப்புமான கரை அது. வேலிக்கணக்கில் நெல் விளையும் உட்பகுதி அல்ல. இங்கே காங்கிரஸ் என்றால் வேதரத்தினம் பிள்ளை, அவர் 1946இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம், கதர், காந்தி. அந்தக் குருகுலத்தில் ஆதரவற்ற பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த ஊரில், பெர்மிட் ராஜ்யத்தை எதிர்க்கும் கட்சிக்கு யாரும் வாசல் திறக்கவில்லை. 1961 ஆகஸ்டில் அவர் காலமானார். சுதந்திராக் கட்சி தன் முதல் பொதுத்தேர்தலைச் சந்தித்தது அதற்கு ஆறு மாதம் கழித்து.

அப்படியானால் டெல்டாவின் நிலவுடைமை எதிர்ப்பு எந்த வடிவமும் எடுக்காமலே போயிற்றா? எடுத்தது. 1960களின் நடுவில் நாகை வட்டாரத்தில் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் அது திரண்டது. அதற்குத் தேர்தல் சின்னம் கிடையாது, 21 அம்சக் கொள்கை கிடையாது, பாட்னா மாநாடு கிடையாது. கூலியாட்கள் செங்கொடியை இறக்க வேண்டும், கூலி உயர்வு கேட்டால் வெளியூர் ஆட்களை இறக்குவோம், இவ்வளவுதான் அதன் அரசியல். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் தலித் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சங்கத்தின் தலைவர் முதலானோரை அமர்வு நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 1969இல் கணபதியா பிள்ளை ஆணையம் கீழ்த்தஞ்சைக் கூலிப் பிரச்சினையை விசாரித்தது. அதே ஆண்டு நியாயக் கூலிச் சட்டமும் வந்தது.

சுதந்திராக் கட்சி 1974இல் சரண்சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கலந்துவிட்டது. அதன் காகிதங்கள் டெல்லி தீன்மூர்த்தி நூலகத்தில் ஒழுங்காக இருக்கின்றன. ஹோவர்ட் எர்ட்மன் 1967இலேயே அதைப் பற்றி முழு நூல் எழுதிவிட்டார். நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கு அப்படியொரு நூல் இல்லை. அதன் சுவடு வருவாய்த்துறைக் கடிதங்களிலும், கூலிப் பேச்சுவார்த்தைக் குறிப்புகளிலும், நாகப்பட்டினம் நீதிமன்ற ஆவணங்களிலும் சிதறிக் கிடக்கிறது. 1952இன் சமரச அதிகாரிகள் எழுதிய தீர்ப்புகளிலிருந்து 1968 வரை, கிராமம் கிராமமாக அவற்றைக் கோக்கும் வேலையில் இப்போது இருக்கிறேன்.